மூடினால்தானே திறக்க வேண்டும்

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களே, போனை எடுத்ததும் நீங்கள் கேட்கப்போகும் முதல் சொல் 'திறக்கவில்லை' என்பதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு வணக்கத்தையோ குட்மார்னிங்கையோ எதிர்பார்க்காதீர்கள். மெயில் திறக்கவில்லை, சம்பளப் ப்ரோக்ராம் திறக்கவில்லை, ஐகானைத் தட்டினால் மணற்கடிகாரம் மட்டும் வருகிறது. தமிழ், தெலுங்கு, இந்தி என்று எந்த மொழியில் வந்தாலும் புகார் இதுதான். நீங்கள் வழி சொல்வீர்கள், அது திறக்கும், உடனே போனை வைத்துவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காகத் திறக்கிற நாளில் உங்களை ஒருவரும் தேட மாட்டார்கள். வேலையை நன்றாகச் செய்யச் செய்ய உங்கள் போன் வாயை மூடிக்கொண்டே வரும். இந்த உத்தியோகத்தின் லட்சணம் இது. எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல்காரி. ஹைதராபாத்தின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே வேலைக்கு வந்தேன். எனக்குக் கிடைத்தது கண்ணாடிக் கட்டிடம் அல்ல. ஊரின் நேரெதிர்ப் பக்கம், உப்பலில், ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. அங்கே இருந்த கம்ப்யூட்டர்கள் அனைத்துக்கும் நான் ஒருத்திதான் பொறுப்பு. எல்லோருக்கும் நான் 'சிஸ்டம்ஸ் மேடம்'. என் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மாரெட்பள்ளியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், தெலுங்குக்காரர்கள். பார்த்தால் சிரிப்பார்கள், தண்ணீர் வந்தால் குரல் கொடுப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியில் நின்று எனக்கு நானே தமிழில் பேசிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். உப்பு போதுமா என்று கேட்பேன், போதும் என்பேன். பைத்தியம் எல்லாம் இல்லை. பேசாமலே இருந்தால் நாக்கு மரத்துவிடும் என்று ஒரு பயம்.

முதலில் ஒரு சின்ன விஷயம். எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். ஐகானைத் தட்டுவார். அது திறப்பதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அவருக்குப் பொறுக்காது, மறுபடி தட்டுவார். லிஃப்ட் பட்டனை அழுத்துவது போலத் தட்டிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ப்ரோக்ராம் என்று அது கிளம்பி, எல்லாம் ஒன்றாக வந்து திரையில் விழுந்து, மெஷின் மூச்சுவிட முடியாமல் நின்றுவிடும். பிறகு எனக்கு போன். தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று நான் சொல்லாத வாரம் இல்லை. அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். திறக்கவில்லை என்றதும் கை பரபரக்கும், அந்தப் பரபரப்புதான் பாதிக் கெடுதலைச் செய்யும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

என் நாற்காலியில் எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, முன்னவர் என்றே வைத்துக்கொள்வோம். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அப்பா பாதுகாப்புத் துறை வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தாய் தகப்பன் காலமாகி, கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போய், இவர் மட்டும் பழைய வீட்டில் மிஞ்சியிருந்தார். அவருக்கு துபாயில் வேலை கிடைத்து, கிளம்பும் முன் எனக்குப் பொறுப்பை ஒப்படைத்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட யாரோடும் சேர்ந்து உட்கார மாட்டார். ஆயுத பூஜை அன்று ஊரே முற்றத்தில் கூடியிருக்க, இவர் மட்டும் தன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாராம். தலைக்கனம் பிடித்த ஆள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஒரு கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தயாரான மருந்தை வைக்கும் குளிர் அறை ஒன்று எங்களிடம் இருந்தது. அதைக் குளிர வைக்க இரண்டு கம்ப்ரெஸர்கள். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வெடுக்கும். மாற்றி மாற்றி ஓடவிடுவதும், சூடு ஏறினால் மணியடிப்பதும் அந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருந்த ஒரு ப்ரோக்ராமின் வேலை. அது மூடிக்கிடந்தால் ஒரே கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டேயிருந்து, மேலே பனி கட்டி, மாலைக்குள் நின்றுவிடும். அப்புறம் அறை சூடாகும், உள்ளே இருக்கிற மருந்து குப்பைக்குப் போகும். அந்த ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்த சிறிய கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. ஜெனரேட்டரும் பேட்டரியும் இருந்ததால் கரண்ட் போனாலும் அந்த மெஷின் அணையாது. வருஷக்கணக்காக அந்த ப்ரோக்ராமின் ஜன்னல் திரையில் திறந்தபடியே இருந்தது.

"இதை மட்டும் மூடாதீங்க மேடம்" என்றார் முன்னவர்.

மூடிவிட்டால் எப்படித் திறப்பது என்று கேட்டேன். திரையில் அதற்கு ஐகான் இல்லை, ஸ்டார்ட் மெனுவிலும் பெயர் இல்லை.

"நக்கோ மேடம், அந்தக் கவலையே வேண்டாம். மூடினாத்தானே திறக்கணும்?"

மூன்று தடவை மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். போகும்போது போன் நம்பரும் கொடுக்கவில்லை. நான் ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் 'அணைக்காதே, மூடாதே' என்று பெரிதாக எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டிவைத்தேன்.

ஜெசிந்தா அந்த வருஷம்தான் ஸ்டோர்ஸில் சேர்ந்தாள். தூத்துக்குடிக்காரி, என் வயதுதான், ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். கணவன் இறந்துபோய், பெண் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வேலை நிரந்தரமானால் கம்பெனி குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். கிடைத்தால் மகளைக் கூட்டி வரலாம். ஹாஸ்டலில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அவள் ப்ரொபேஷன் முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், அவ்வளவு பேசுவாள். என்னை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள். ஆனாலும் அந்த நாட்களில் நான் அவளோடு அதிகம் ஒட்டவில்லை. பழகினால் ஒருநாள் போய்விடுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆயுத பூஜை வந்தது. இங்கே அதை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். லேத்து, லாரி, தராசு, டைப்ரைட்டர் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜை முடிகிறவரை எந்த மெஷினும் ஓடக்கூடாது. குளிர் அறைக்கு மட்டும் விலக்கு உண்டு, சாமிக்கும் அது தெரியும் என்பார் எலக்ட்ரீஷியன் யாதகிரி. முந்தைய நாள் துப்புரவு ஆட்கள் ஒவ்வொரு மானிட்டராகத் துடைத்தார்கள். நெற்றியில் சந்தனம் வைக்க வேண்டுமே. என் தாள் இருந்தது சரியாக அந்த நெற்றியில். கிழித்துப் போட்டுவிட்டுச் சந்தனம் வைத்துவிட்டார்கள்.

காலையில் ஃபேக்டரி மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும், ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுவிடாமல் அணைத்துவிட்டு வா என்று ஜெசிந்தாவை அனுப்பினார். அவள் அந்த அறைக்குள் அதுவரை காலடி வைத்ததில்லை. பொட்டு வைத்த மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, முறைப்படி ஷட் டவுன் செய்துவிட்டு வந்துவிட்டாள். நான் முற்றத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

கற்பூரம் காட்டி, புளிஹோராவை, அதுதான் நம் புளியோதரையை, தட்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது யாதகிரி என்னிடம் வந்து, மாற வேண்டிய கம்ப்ரெஸர் மாறவில்லையே என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் திரை இருட்டு, அதன் மேல் சந்தனம். மெஷினைப் போட்டேன். கம்ப்யூட்டர் வந்தது, பச்சைப் புல்வெளிப் படம் வந்தது. ப்ரோக்ராம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அறை நிரம்பிவிட்டது. மேனேஜர், ஸ்டோர்ஸ் தலைவர், அக்கவுண்ட்ஸ் அதிகாரி, தட்டோடு வந்த இன்னும் பலர். எல்லோருக்கும் பின்னால் ஜெசிந்தா.

"அக்கா, நாந்தான் அணைச்சேன். எல்லாத்தையும் அணைக்கச் சொன்னாவ."

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரு ப்ரோக்ராம் மூடிக்கிடக்கும்போது எல்லோரும் அதை எப்படித் திறப்பது என்றே கேட்பார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, திறந்திருந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது. அந்த வேலையை மனிதர்களால் கொஞ்ச நேரம் செய்ய முடியுமானால், அவர்களை அதில் போடுங்கள். அப்போதுதான் உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். யாதகிரியிடம் கம்ப்ரெஸரைக் கையால் மாற்றிவிட முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் எப்போது மாற்றுவது என்று யாராவது தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். "பரேஷான் காகண்டி மேடம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். பதற்றப்படாதே என்று அன்று என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஜெசிந்தாவைப் பார்த்தேன். முகம் வெளிறி, அழவும் தெரியாமல் நின்றாள். குளிர் அறை வாசலில் போய் நின்று தெர்மாமீட்டரைப் படித்து இன்டர்காமில் சொல் என்றேன். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவளையா என்று கேட்க வந்திருப்பார். அவள் அதற்குள் போய்விட்டாள். தவறு நடந்த இடத்தில் ஒரு மனிதருக்குக் கையில் வேலை கொடுப்பதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. இது எனக்கு அன்று தெரிந்து செய்ததல்ல, பார்க்கப் பொறுக்காமல் செய்தது.

பிறகு அந்த ப்ரோக்ராமின் ஃபோல்டரைத் தேடிப்பிடித்தேன். உள்ளே பல கோப்புகள். அவற்றில் ஒன்றின் பெயர் 'ஸ்டார்ட்'.

மேனேஜர் என் தோளுக்கு மேல் விரலை நீட்டி, இதோ இருக்கிறதே, தட்டுங்கள் என்றார். ஸ்டோர்ஸ் தலைவரும் அதையே சொன்னார். அக்கவுண்ட்ஸ் அதிகாரிக்குக் கை துறுதுறுத்தது, மவுஸை என்னிடமிருந்து வாங்கிவிடுவார் போலிருந்தது. நான் தட்டவில்லை. ஏன் என்று அவர்களுக்கு விளக்கவும் முடியவில்லை. ஸ்டார்ட் என்று பெயர் வைத்த ஒன்றை முன்னவர் எனக்குக் காட்டாமல் போக மாட்டாரே என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். மருந்து கெட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் மேனேஜர். சொல்கிறேன் என்றேன். அத்தனை பேர் மூச்சு கழுத்தில் பட நின்றபோது, அந்த அறையில் நான் மட்டும் இருப்பதாகத்தான் தோன்றியது. மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அப்படி ஒரு தனிமையை நான் உணர்ந்ததில்லை.

ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, மூலையில் கிடந்த வேறொரு பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். அங்கே அந்த 'ஸ்டார்ட்'டைத் திறந்து பார்த்தேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல், எந்தச் சூட்டில் மணியடிக்க வேண்டும், எப்போது கம்ப்ரெஸரை மாற்ற வேண்டும் என்று பழைய ஆட்கள் போட்டுவைத்திருந்த கணக்கையெல்லாம் அழித்துவிட்டு, புதிதாகக் கொடு என்று பூஜ்யங்களாகக் காட்டியது. புதிதாகக் கொடுக்க அந்தக் கணக்குத் தெரிந்தவர் எவரும் எங்களிடம் இல்லை. மேனேஜர் பூஜ்யங்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் விரலை நீட்டவில்லை, மற்றவர்களையும் வெளியே அனுப்பிவிட்டார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பாட வகுப்பு அல்ல. பெரிய ப்ரோக்ராமைத் திறந்தால் வெறும் ஜன்னல் வந்து தானே மூடிக்கொண்டது. அதற்கு முன்னால் திறக்க வேண்டிய ஒரு குட்டி ப்ரோக்ராம் இருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்தது. குட்டியைத் தட்டினால் கறுப்பாக ஏதோ மின்னி மறைந்தது. மின்னி மறைகிறது என்றால் அது ஏதோ சொல்லப் பார்க்கிறது, நமக்குப் படிக்க நேரமில்லை என்று அர்த்தம். அதனால் கறுப்புத் திரையை நானே திறந்துவைத்து, அதற்குள் அதன் பெயரைத் தட்டச்சு செய்தேன். குளிர் அறையிலிருந்து எந்தக் கேபிள் வழியாகத் தகவல் வருகிறது என்று சொல் என்றது. நிஜ மெஷினின் பின்புறம் பார்த்து, பெயருக்குப் பக்கத்தில் கேபிளின் எண்ணையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் போதும். திறக்க நேர்ந்தபோதெல்லாம் முன்னவர் இதைத் தன் கையாலேயே தட்டச்சு செய்து திறந்திருக்கிறார்.

நிஜ மெஷினுக்கு மாறி, முதலில் குட்டி, பிறகு பெரியது என்று திறந்தேன். தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வந்தது, நின்றது. அதில் குளிர் அறையின் சூட்டைக் காட்டும் எண் வந்தது. இன்டர்காமில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, உன் தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டேன். திரையில் இருந்த அதே எண்ணைச் சொன்னாள். குளிரில் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

மருந்து தப்பித்தது. ஜெசிந்தா தப்பிக்கவில்லை.

தசரா விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், அவளை அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் முடிவெடுத்திருந்தார். அவரும் பாவம், மேலிடத்துக்கு ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். ப்ரொபேஷனில் இருக்கிற பெயர் என்றால் சுலபம். ஜெசிந்தா என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினாள்.

"அடுத்த ஸ்கூல் தொறக்கும்போது புள்ளைய கூட்டிட்டு வந்துரலாம்னு இருந்தேன்க்கா. அவகிட்ட சொல்லியும் வச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. மேனேஜரிடம் போனேன். தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அந்தம்மா மூடியது தப்பில்லை சார், நீங்கள் மூடச் சொன்னீர்கள். மூடினால் திறக்க முடியாதபடி ஒன்றை இத்தனை வருஷம் வைத்திருந்தோமே, அதுதான் தப்பு. அதற்கு யாரை அனுப்புவீர்கள்?" அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு வழி சொன்னேன். அடுத்த ஆயுத பூஜை அன்று இதே மெஷினை இவளே அணைக்கட்டும், பூஜை முடிந்ததும் இவளே திறக்கட்டும். திறந்தால் நிரந்தரம், திறக்கவில்லை என்றால் எங்கள் இருவரையும் அனுப்பிவிடுங்கள். அவர் சிரித்துவிட்டார். ஆனால் ஒத்துக்கொண்டார். ப்ரொபேஷன் ஒரு வருஷம் நீண்டது. மகள் தூத்துக்குடியிலேயே இன்னொரு வகுப்பு படித்தாள்.

நான் செய்தது சின்ன வேலை. குட்டியும் பெரியதும் முறையாக ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்படி ஒரே ஐகான் செய்து, 'குளிர் அறை' என்று ஆங்கிலத்தில் பெயர் கொடுத்து, திரையின் நடுவில் வைத்தேன். அந்த 'ஸ்டார்ட்' கோப்பை யார் கைக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றினேன். பிறகு சனிக்கிழமைகளில் யாதகிரியைக் கம்ப்ரெஸர் பக்கம் நிறுத்திவிட்டு, ஜெசிந்தாவை உட்காரவைத்து மூடவும் திறக்கவும் சொன்னேன். ஸ்டோர்ஸ் ஆட்கள், செக்யூரிட்டி, துப்புரவு ஆட்கள் என்று ஆர்வப்பட்டவர்கள் எல்லோரும் ஒருமுறை திறந்து பார்த்தார்கள். முன்னவர் மட்டுமே அறிந்திருந்த வித்தை வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துபோயிற்று.

மறுவருஷ ஆயுத பூஜைக்கு ஜெசிந்தா மெஷினை அணைத்தாள். சந்தனம் வைத்தோம், பூ வைத்தோம். நான் முற்றத்தில் கூட்டத்தோடு நின்று தீபாராதனை பார்த்தேன். முடிந்ததும் மேனேஜர் உட்பட எல்லோரும் அந்த அறைக்கு வந்தார்கள். ஜெசிந்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு ஐகானைத் தட்டினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வந்தது, எண் வந்தது. யாதகிரி வெளியிலிருந்து சரி என்று குரல் கொடுத்தார். மேனேஜர் ஜெசிந்தாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வாருங்கள் சாப்பிடலாம் என்று எல்லோரையும் அழைத்துப் போனார்.

நான் வரிசையில் நின்று புளிஹோரா வாங்கிக்கொண்டு, எண்ணை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரும்பி அறைக்கு வந்தேன். மேசையில் இருந்த போன் அடித்தது. எடுத்ததும் திறக்கவில்லை என்று யாரோ சொல்லப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். முன்னவர். துபாயிலிருந்து.

"இன்னிக்குப் பூஜை இல்ல? நீங்க அங்க தனியா உட்கார்ந்திருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் பேசலாம்னு."

உட்காரவில்லை சார், அந்த மெஷினையும் மற்றதுபோல அணைத்துப் பூஜை போட்டோம், ஐகான் போட்டிருக்கிறேன், ஸ்டோர்ஸ் அம்மா தட்டித் திறந்தார்கள் என்றேன்.

"ஹவ், ஆமா. ஐகான் போட்டா ஆச்சு. எனக்கு மட்டும் போடத் தெரியாதா மேடம்?"

"அப்புறம் கைக்கு சார் போடல?" 'ஏன்' என்பதற்கு அவர் ஊர் ஆட்கள் சொல்லும் அந்தக் 'கைக்கு'வை வைத்தே கேட்டேன்.

"போட்டிருந்தா அதையும் அணைச்சிருப்பாங்க, நான் அங்க காவல் உட்கார வேண்டியதில்ல. அப்புறம் அந்த ரூமுக்கு யாரு வந்திருப்பா? வருஷத்துல அந்த ஒரு நாள் மேனேஜரே பிரசாதத் தட்டோட வந்து நிப்பாரு. சாப்பிட்டியான்னு கேப்பாரு."

ஜெசிந்தாவின் கதையைச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். ஒரு பெண் குழந்தை தாயைப் பிரிந்து இன்னொரு வருஷம் இருந்தது என்றேன். எனக்கு இது தெரியாது மேடம் என்றார். அந்தம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். பிறகு, புளிஹோரா எப்படி இருக்கிறது என்று கேட்டார். காரம் என்றேன். எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அவரை நான் திட்டியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் எனக்குப் புரியாதது எதுவுமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பாவம்க்கா. ஆளு வரணும்னா கூப்பிட்டிருக்கலாம்லா" என்றாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இந்த வேலையில் தனிமை வரும். வரும்போது, நான் மட்டுமே திறக்கக்கூடியதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்று மனசு சொல்லும். ஒரு பாஸ்வேர்ட், ஒரு வித்தை, யாருக்கும் காட்டாத ஒரு வழி. இருந்தால் தேடி வருவார்கள்தான். ஆனால் வருகிறவர்கள் உங்களைப் பார்க்க வருவதில்லை. நீங்கள் இல்லாத நாளில் அதற்கான விலையை, உங்களுக்கு முகமே தெரியாத ஒருவர் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் ஐகான் போட்டுவிடுங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் எழுந்து போய்ப் பேசுங்கள். எனக்கு அது எளிதாக வரவில்லை. அடுத்த வருஷம் ஜெசிந்தாவின் மகள் வந்து சேர்ந்ததும், அவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகத் தொடங்கினேன். அந்தப் பெண் கொஞ்ச நாளிலேயே தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் ஹைதராபாத் பிள்ளையாகிவிட்டது.

ஓய்வுபெறும்போது என்னால் மட்டும் திறக்கக்கூடியது என்று அந்தத் தொழிற்சாலையில் ஒன்றுகூட இல்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மறுநாள் காலை குளித்துவிட்டு, மாடி அறையில் போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இன்று ஒன்றாவது திறக்காமல் போகும், எனக்கு ஒரு போன் வரும் என்று ஆசைப்பட்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஒன்பதரைக்கு எல்லோரும் மெஷினைப் போட்டிருப்பார்கள். பத்து மணிக்கு ஒன்றும் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. எல்லாம் ஒழுங்காகத் திறந்திருக்கிறது என்று புரிந்தது. கண் கலங்கியது. சமைக்கத் தோன்றவில்லை.

மதியம் போன் அடித்தது. ஜெசிந்தா. அவசரமாக எடுத்து, எது திறக்கவில்லை என்று கேட்டேன்.

"எல்லாம் தொறந்துட்டுக்கா. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."